உடம்புக்குள் உலோகம் இருந்தால் ஸ்கான் எடுக்கலாமா?

நம் குடும்பங்களில் எத்தனை பெண்கள் உடம்புக்குள் ஓர் உலோகத் துண்டைச் சுமந்தபடி நடமாடுகிறார்கள் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா? கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அம்மம்மாவின் உடம்பில் ஒரு தகடும் சில ஆணிகளும். மாரடைப்பு வந்து பிழைத்த பெரியம்மாவின் இதயக் குழாயில் ஒரு ஸ்டென்ட். அடுத்த குழந்தைக்கு இடைவெளி விடத் தீர்மானித்த தங்கையின் கருப்பையில் ஒரு லூப். யுத்த காலத்தில் அகப்பட்டுத் தப்பி வந்த அயல்வீட்டு அக்காவின் முதுகில், எடுத்தால் ஆபத்து என்று வைத்தியர்கள் விட்டுவைத்த ஷெல் துண்டு.

இவர்களில் ஒருவருக்கு நாளை தலைவலியோ, முதுகு வலியோ, வேறு நோயோ வந்து "ஒரு எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும்? இரண்டு விதமான தவறுகள் நடக்கக்கூடும். ஒன்று, உள்ளே இருப்பதைச் சொல்லாமலே ஸ்கான் அறைக்குள் போய்விடுவது. மற்றது, "எனக்குள் இரும்பு இருக்கிறது, எனக்கு இது கூடாது" என்று தாமே முடிவு செய்து, அவசியமான ஸ்கானை எடுக்காமலே வீட்டுக்குத் திரும்பிவிடுவது. முதலாவது தவறு சில நிமிடங்களில் தீங்கு செய்யும். இரண்டாவது தவறு, நோயைக் கண்டுபிடிக்க வேண்டிய காலத்தைக் கடத்திவிட்டு மெல்ல மெல்லத் தீங்கு செய்யும். இரண்டிலிருந்தும் தப்புவதற்கு வழி ஒன்றுதான்: நம் உடம்பில் என்ன இருக்கிறது என்பதை நாம் அறிந்திருப்பதும், அதைக் கூச்சமின்றிச் சொல்வதும்.

எல்லா ஸ்கானும் ஒன்றல்ல

"ஸ்கான்" என்ற ஒரே சொல்லால் நாம் பல பரிசோதனைகளைக் குறிப்பிடுகிறோம். பயமும் குழப்பமும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

எக்ஸ்-கதிரை ஜெர்மனிய விஞ்ஞானி வில்ஹெல்ம் ரோன்ட்ஜன் 1895 நவம்பரில் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே தம் மனைவியின் கையை அவர் படம் பிடித்தார். அந்தப் படத்தில் விரல் எலும்புகளோடு அந்த அம்மையாரின் மோதிரமும் கறுப்பு வளையமாகத் தெரிந்தது. எக்ஸ்-கதிருக்கு உலோகம் ஒரு நிழல் மட்டுமே. அது உலோகத்தை இழுப்பதில்லை, அசைப்பதில்லை. உடம்புக்குள் உலோகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க உதவுவதே அதுதான்.

சி.ரி. ஸ்கானும் எக்ஸ்-கதிரால் எடுக்கப்படுவதே. 1971 ஒக்டோபர் முதலாம் திகதி லண்டனில் உள்ள ஒரு வைத்தியசாலையில், மூளையில் கட்டி இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்ணே சி.ரி. ஸ்கான் எடுக்கப்பட்ட முதல் நோயாளி. இங்கும் உலோகம் அசையாது. படத்தில் மட்டும் உலோகத்தைச் சுற்றிக் கீறல் கீறலாக வெள்ளைக் கோடுகள் விழுந்து, பக்கத்தில் உள்ளதை மறைக்கலாம். சி.ரி. ஸ்கானில் நாம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது வேறு விடயம்: கர்ப்பமாக இருக்கிறோமா, மாதவிடாய் தள்ளிப் போயிருக்கிறதா என்பது.

கர்ப்பிணிகளுக்குப் பழக்கமான அல்ட்ராசவுண்ட் ஸ்கான் ஒலி அலைகளால் எடுக்கப்படுவது. உடம்பில் எந்த உலோகம் இருந்தாலும் அதற்குப் பயப்படத் தேவையில்லை.

ஆக, உலோகம் உள்ளவர்கள் விசேடமாகக் கவனிக்க வேண்டியது எம்.ஆர்.ஐ. ஸ்கான் ஒன்றையே. அதில் எக்ஸ்-கதிர் இல்லை. ஆனால் அது ஒரு மாபெரும் காந்தம்.

அந்தக் காந்தம் என்ன செய்கிறது?

நம் உடம்பின் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் ஐதரசன் அணுக்கள் உள்ளன. பலமான காந்தப் புலத்துக்குள் நாம் படுத்திருக்கும்போது இந்த அணுக்களின் கருக்கள் காந்தத்தின் திசைக்கு ஒழுங்குபடுகின்றன. அப்போது வானொலி அலைகளை ஒத்த அலைகளைச் செலுத்தினால் அவை சற்றுக் குழம்பி, மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பும்போது ஒரு சமிக்ஞையை வெளிவிடுகின்றன. அதைக் கணினி படமாக மாற்றுகிறது. மூளை, முள்ளந்தண்டு, மூட்டுச் சவ்வு போன்ற மென்மையான பகுதிகளை வேறெந்த ஸ்கானையும் விடத் தெளிவாக இது காட்டும். இந்த முறைக்கு வழிவகுத்த போல் லோட்டர்பர், பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் ஆகிய இருவருக்கும் 2003 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

வைத்தியசாலைகளில் வழக்கமாக உள்ள இயந்திரங்களின் காந்த வலிமை 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா. 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தத்தைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. இந்த வலிமையைப் பெறுவதற்காகக் கம்பிச் சுருள்களைத் திரவ ஹீலியத்தில், பூச்சியத்துக்குக் கீழ் 269 பாகை செல்சியஸ் வரை குளிரூட்டி வைத்திருக்கிறார்கள்.

இதில் நாம் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. ஸ்கான் நடக்காத வேளையிலும் அந்தக் காந்தம் வேலை செய்துகொண்டேயிருக்கும். மின்விசிறியைப் போல் சுவிட்சை அமர்த்தி அதை நிறுத்திவிட முடியாது. சத்தம் கேட்கவில்லை, ஆகவே இயந்திரம் ஓடவில்லை என்று எண்ணி உள்ளே போவதுதான் பல விபத்துகளுக்குக் காரணம்.

உடம்பில் உள்ள உலோகத்துக்கு இந்த அறையில் நான்கு விதமாகப் பாதிப்பு வரலாம். இரும்புத் தன்மை உள்ள பொருள் இழுபடலாம் அல்லது திரும்பலாம். நீளமான கம்பிகளும் வளையங்களும் சூடேறலாம். மின்கலத்தால் இயங்கும் கருவிகள் தடுமாறலாம். இவை எதுவும் நடக்காவிட்டாலும் உலோகத்தைச் சுற்றிப் படம் மங்கலாகி, வைத்தியருக்குப் பார்க்க வேண்டியது தெரியாமல் போகலாம்.

அனுபவம் கற்றுத் தந்த பாடங்கள்

எம்.ஆர்.ஐ. மிகவும் பாதுகாப்பான பரிசோதனைதான். உலகெங்கும் நாள்தோறும் ஏராளமானோர் எடுத்துக்கொண்டு நலமாக வீடு திரும்புகிறார்கள். ஆனாலும் நடந்த சில விபத்துகளை அறிந்திருப்பது நல்லது.

1986 ஆம் ஆண்டு, உலோக வேலை செய்துவந்த ஒருவரின் கண்ணுக்குள் அவர் அறியாமலே இருந்த சிறு இரும்புத் துகள் ஸ்கான் எடுக்கும்போது அசைந்து, அந்தக் கண்ணின் பார்வையைப் பறித்த செய்தி மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளியானது. அதன் பின்னரே, கண்ணில் இரும்புத் துகள் பட்டிருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுபவர்களுக்கு முதலில் கண்ணை எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கும் வழக்கம் பரவியது.

1993 இல் வெளியான மற்றோர் அறிக்கை இன்னும் துயரமானது. மூளையின் இரத்தக் குழாய் வீக்கத்துக்குக் கிளிப் போடப்பட்ட ஒரு நோயாளி பற்றியது அது. அந்தக் கிளிப் காந்தத்தால் இழுபடாத வகை என்றே எல்லோரும் நம்பினார்கள். கிடைத்த தகவல் அப்படி. ஆனால் உள்ளே இருந்தது வேறு வகை. காந்தப் புலத்தில் கிளிப் அசைந்து, மூளையில் இரத்தம் பெருக்கெடுத்து நோயாளி இறந்தார். எந்தக் கருவி போடப்பட்டது என்ற ஒரு வரித் தகவல் எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நோயாளிக்கு மட்டுமல்ல, கூடப் போகிறவருக்கும் இந்தக் கவனம் வேண்டும். 2001 இல் நியூயோர்க் மாநிலத்தில் ஸ்கான் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்த 6 வயதுச் சிறுவன், அறைக்குள் கொண்டுவரப்பட்ட ஒட்சிசன் சிலிண்டர் காந்தத்தால் இழுபட்டுத் தாக்கியதில் உயிரிழந்தான். 2018 ஜனவரியில் இந்தியாவின் மும்பை நகரில், உறவினரின் ஸ்கானுக்குத் துணையாக வந்த 32 வயது இளைஞர் ஒட்சிசன் சிலிண்டரைக் கையில் ஏந்தியபடி உள்ளே நுழைந்து, அதனோடு இழுபட்டு இறந்தார். 2025 ஜூலையில் மீண்டும் நியூயோர்க்கில், ஸ்கான் முடித்த மனைவியை எழுப்பிவிட உள்ளே போன 61 வயதானவர், கழுத்தில் அணிந்திருந்த கனத்த உடற்பயிற்சிச் சங்கிலியால் இழுபட்டு உயிரை இழந்தார். நோயாளிக்கு உதவ வந்தவர்களே இவர்கள் இருவரும் என்பதை நினைவில் வைப்போம்.

உங்களுக்குள் இருப்பது எது?

இனி நல்ல செய்திக்கு வருவோம். இன்று உடம்புக்குள் வைக்கப்படும் பெரும்பாலான உலோகப் பொருட்களோடு எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கலாம். எல்லா உலோகமும் காந்தத்தால் இழுபடுவதில்லை. நம் சமையலறையிலேயே இதைப் பார்க்கலாம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தை எடுத்து எவர்சில்வர் பாத்திரங்களில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஒட்டும், மற்றதில் ஒட்டாது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உலோகத்தின் கலவைதான் வேறு.

எலும்பு முறிவுக்குப் போடும் தகடு, ஆணி, கம்பி: இவை டைட்டேனியத்தாலோ, காந்தத்தில் ஒட்டாத வகை உருக்காலோ செய்யப்படுபவை. எலும்போடு இறுகப் பொருத்தப்பட்டிருப்பதால் அசைய இடமும் இல்லை. பெரும்பாலும் ஸ்கான் எடுக்கலாம். செயற்கை இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். ஆனால் அந்த மூட்டுக்கு அருகில் படம் மங்கலாகும். தோலுக்கு வெளியே சட்டம் போட்டுக் கம்பிகளை இறுக்கியிருந்தால் அது வேறு விடயம். வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

இதய ஸ்டென்ட்: போட்டு ஆறு வாரம், எட்டு வாரம் கழிய வேண்டும் என்று முன்னர் சொல்வார்கள். அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2007 இல் அறிவித்தது. 3 டெஸ்லா வரையான இயந்திரங்களில் எப்போதும் எடுக்கலாம் என்பது அதன் கருத்து.

பேஸ்மேக்கர்: முன்னர் இதை வைத்திருந்தவர்களுக்கு எம்.ஆர்.ஐ. அறவே கிடையாது. பின்னர் ஸ்கானுக்கு ஏற்றதாக வடிவமைத்த பேஸ்மேக்கர்கள் வந்தன. அமெரிக்காவில் இவ்வகைக்கு முதல் அங்கீகாரம் 2011 இல் கிடைத்தது. பழைய வகைக் கருவிகள் பற்றிய ஓர் ஆய்வு 2017 இல் வெளியானது. பேஸ்மேக்கருடன் 1,000 ஸ்கான்களும், இதய அதிர்வுக் கருவியுடன் 500 ஸ்கான்களும் நெஞ்சுப் பகுதி தவிர்ந்த இடங்களில், தகுந்த முன்னேற்பாட்டோடு எடுக்கப்பட்டன. ஸ்கான் காரணமாக ஒருவரும் இறக்கவில்லை. ஆனால் இது எல்லா இடத்திலும் செய்யக்கூடியதல்ல. ஸ்கானுக்கு முன் கருவியை அதற்கேற்ற நிலைக்கு மாற்றி, இதயத் துடிப்பைக் கண்காணித்து, பின் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இதய வைத்திய நிபுணரின் அனுமதியின்றி ஒருபோதும் உள்ளே போகக் கூடாது.

லூப்: செப்புக் கம்பி சுற்றிய லூப் காந்தத்தால் இழுபடுவதில்லை. 1.5, 3 டெஸ்லா இயந்திரங்களில் ஸ்கான் எடுக்கலாம். அதற்காக அதைக் கழற்றத் தேவையில்லை. இருந்தாலும் அது இருப்பதைச் சொல்ல வேண்டும்.

காதுக்குள் பொருத்தும் கொக்லியர் கருவி: செவிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்குப் பொருத்தப்படும் இதன் உட்பகுதியிலேயே ஒரு காந்தம் உண்டு. கருவியின் வகையைப் பொறுத்து, தலையை இறுகக் கட்டி ஸ்கான் எடுப்பதா, முதலில் அந்தக் காந்தத்தை அகற்றுவதா என்று தீர்மானிப்பார்கள். வெளியே மாட்டும் பகுதியைக் கட்டாயம் கழற்ற வேண்டும். சாதாரண காது கேட்கும் கருவியும் அப்படியே.

தலையில் நீர் சேரும் குழந்தைகளுக்குப் போடும் குழாய்: இதன் அடைப்பானில் சில வகைகள் காந்தத்தால் இயங்குபவை. ஸ்கானுக்குப் பின் அதன் அளவு மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். தாய்மார் இதை மறக்காமல் கேட்க வேண்டும்.

பல்: அடைத்த பல், பொருத்திய பல் ஆகியவற்றால் ஆபத்தில்லை. கழற்றி மாட்டும் பற்தொகுதியைக் கழற்றிவிட வேண்டும். பற்களை நேராக்கும் கம்பி, முகப் பகுதிப் படத்தை மங்கச் செய்யும்.

ஷெல் துண்டு சுமப்பவர்களுக்கு

மேலே சொன்னவை எல்லாம் வைத்தியர் திட்டமிட்டு வைத்தவை. அவற்றுக்குப் பெயரும் வகையும் உண்டு. யுத்தம் உடம்புக்குள் வைத்துவிட்டுப் போனவற்றுக்குப் பெயரும் இல்லை, அட்டையும் இல்லை. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் அந்தத் துண்டுகளோடு வாழும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்று குழந்தையாக இருந்தவர்கள் இன்று தாய்மார்.

துவக்குச் சன்னங்கள் பெரும்பாலும் ஈயத்தாலும் செப்பாலும் ஆனவை. அவை காந்தத்தால் இழுபடுவதில்லை. உருக்கு உறை கொண்ட சன்னங்கள் இழுபடும். ஷெல், குண்டு ஆகியவற்றின் சிதறல்கள் பெரும்பாலும் உருக்குத் துண்டுகளே. ஆகவே ஷெல் துண்டு என்றால் இழுபடக்கூடியது என்றே எண்ணி நடக்க வேண்டும்.

அப்படியானால் ஷெல் துண்டு உள்ளவருக்கு எம்.ஆர்.ஐ. கூடவே கூடாதா? அப்படியும் இல்லை. துண்டு எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். கையிலோ, தொடைச் சதையிலோ நெடுங்காலமாக இருக்கும் சிறு துண்டைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து அதை இறுகப் பிடித்திருக்கும். கண்ணுக்குள், மூளைக்குள், முள்ளந்தண்டு நரம்புக்கு அருகில், பெரிய இரத்தக் குழாயின் பக்கத்தில் இருந்தால் மயிரிழை அசைவும் ஆபத்து. எனவே முதலில் எக்ஸ்-ரே அல்லது சி.ரி. எடுத்து, துண்டு எங்கே, எவ்வளவு பெரிது என்று கதிரியல் வைத்திய நிபுணர் பார்ப்பார். ஸ்கானால் வரும் நன்மையையும் ஆபத்தையும் நிறுத்துப் பார்த்து முடிவு சொல்வார். எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்றாலும் கதவு மூடிவிடுவதில்லை. சி.ரி., அல்ட்ராசவுண்ட் போன்ற வேறு வழிகள் உண்டு. "எனக்கு வேறு எந்தப் பரிசோதனை செய்யலாம்?" என்று கேட்பது நோயாளியின் உரிமை.

வீட்டில் ஒரு காந்தத்தைத் தோலில் வைத்துப் பார்த்து, இழுக்கவில்லை, ஆகவே பயமில்லை என்று முடிவெடுக்க வேண்டாம். விளையாட்டுக் காந்தத்துக்கு அசையாத துண்டு ஸ்கான் காந்தத்துக்கு அசையும்.

யுத்தம் தவிர வேறு வழியாலும் இரும்பு உள்ளே போகும். தைத்துக்கொண்டிருக்கும்போது முறிந்து விரலுக்குள் போன தையல் ஊசி, கட்டுத்துவக்குக் காயம், வெல்டிங் பட்டறையிலும் கிரைண்டரிலும் வேலை செய்யும் கணவரின் அல்லது மகனின் கண்ணில் பட்ட துகள் என்பவற்றையும் நினைவுபடுத்திச் சொல்ல வேண்டும்.

ஏன் சொல்லத் தயங்குகிறோம்?

ஸ்கானுக்கு முன் ஒரு படிவம் தருவார்கள், அல்லது உத்தியோகத்தர் கேள்வி கேட்பார். அதுதான் நமக்குப் பாதுகாப்பு வேலி. அந்த இடத்திலேதான் பெண்கள் பலர் மௌனமாகிவிடுகிறார்கள்.

ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் மாமியார் நிற்கிறார். லூப் போட்டிருப்பது வீட்டில் கணவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. "உடம்புக்குள் ஏதாவது இருக்கிறதா?" என்ற கேள்விக்கு அவள் "இல்லை" என்கிறாள். இன்னொரு பெண், கலியாணப் பேச்சு நடக்கும் காலம். முதுகில் ஷெல் துண்டு இருப்பது தெரிந்தால் சம்பந்தம் குழம்பிவிடுமோ என்று தாய் கண்ணால் தடுக்கிறாள். வேறொருத்திக்கு, எங்கே பட்டது, எப்படிப் பட்டது என்று கிளறிக் கேட்பார்களோ என்ற பயம்.

சகோதரிகளே, ஸ்கான் அறையில் கேட்கப்படும் கேள்விக்கு உங்கள் வாழ்க்கைக் கதை தேவையில்லை. துண்டு எப்படி வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் இருக்கிறது, எத்தனை வருடமாக இருக்கிறது, படம் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா என்பவையே தேவை. மற்றவர் முன் சொல்லக் கூச்சமாக இருந்தால், "தனியே ஒரு விடயம் சொல்ல வேண்டும்" என்று தாதியிடமோ உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். படிவம் தெரியாத மொழியில் இருந்தால், விளங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாசித்து விளக்கச் சொல்லுங்கள். துணைக்குப் போகிற மாமிமாரும் தாய்மாரும், கேள்வி கேட்கும் நேரத்தில் தாமாகவே சற்று விலகி நிற்பது பெரிய உதவி.

கழற்ற வேண்டியவை

உடம்புக்குள் இருப்பதைப் போலவே உடம்பின் மேல் இருப்பதும் கவனிக்க வேண்டியதே. சேலையைக் குத்தும் ஊசி, ஹிஜாப் ஊசி, கொண்டை ஊசி, கிளிப், உள்ளாடையின் கம்பியும் கொளுக்கியும், மெட்டி, அரைஞாண், தாயத்து, மூக்குத்தி, தோடு, கைக்கடிகாரம், கைத்தொலைபேசி, வங்கி அட்டை, சாவிக்கொத்து எல்லாவற்றையும் வெளியே வைக்க வேண்டும். ஜெய்ப்பூர் கால் போன்ற செயற்கை உறுப்புகளையும் கழற்ற வேண்டும்.

தங்கத்தைக் காந்தம் இழுக்காதே, தாலிக்கொடியை ஏன் கழற்ற வேண்டும் என்று சிலர் கேட்பர். தங்கம் இழுபடாது என்பது உண்மை. ஆனால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். வளையமாக உள்ள கொடியில் சூடேறலாம், படமும் கெடலாம். கொளுக்கியிலும் சுரையிலும் வேறு உலோகம் கலந்திருக்கலாம். வெறுங்கழுத்தோடு இருக்க மனம் ஒப்பாதவர்கள், அந்த நேரத்துக்கு மஞ்சள் நூல் கட்டிக்கொள்வதில் ஸ்கானுக்கு ஒரு தடையும் இல்லை. நகைகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது எல்லாவற்றிலும் நல்லது.

சரிகை வைத்த துணி வேண்டாம். உலோக இழை கலந்த உள்ளாடையால் ஒரு சிறுமிக்குத் தோல் சுட்டது பற்றிய அறிக்கை உண்டு. வைத்தியசாலையில் தரும் உடையை அணிவதே சிறந்தது. தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைகள் சிலவற்றின் பின்புறத்தில் அலுமினியப் படலம் இருக்கும். அவற்றால் தோல் சுடலாம் என்று 2009 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் எச்சரித்தது. பச்சை குத்தியிருந்தாலும், கண் இமையில் நிரந்தர மை தீட்டியிருந்தாலும் சொல்லிவிடுங்கள். சில மைகளில் இரும்புச் சேர்மம் உண்டு.

உள்ளே படுத்திருக்கும்போது

படம் எடுக்க இருபது நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலம் வரை ஆகலாம். தகரத்தில் சுத்தியலால் அடிப்பதுபோல் பெரிய சத்தம் கேட்கும். காதுக்கு அடைப்பான் தருவார்கள். கையில் ஒரு அழுத்தும் குமிழ் தருவார்கள். அது அலங்காரத்துக்கு அல்ல. உடம்பில் எங்காவது சூடோ, குத்தலோ, இழுப்போ தெரிந்தால் உடனே அழுத்துங்கள். "படம் பழுதாகிவிடுமே" என்று பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம்.

கைகளைக் கோத்துக்கொண்டு படுக்கக் கூடாது. உடம்பின் ஒரு பகுதித் தோல் மற்றொரு பகுதித் தோலோடு ஒட்டினால் அங்கே மின்னோட்ட வளையம் உண்டாகித் தோல் சுடலாம். அதனால்தான் கைகளைப் பக்கவாட்டில் வைத்து, இடையில் பஞ்சணை வைப்பார்கள். அதைத் தள்ளிவிடாதீர்கள்.

சிலருக்குப் படம் தெளிவாக வர ஊசி மூலம் ஒரு மருந்து ஏற்றுவார்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும், முன்னர் இப்படி ஊசி போட்டு ஒவ்வாமை வந்தவர்களும் அதற்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பிள்ளைக்கு ஸ்கான் எடுக்கும்போது தாய் கூட நிற்க நேர்ந்தால், பிள்ளையிடம் கேட்கும் எல்லாக் கேள்விகளும் தாய்க்கும் உரியவையே.

ஸ்கானுக்கு முன் சொல்ல வேண்டிய பத்து விடயங்கள்

1. பேஸ்மேக்கர் அல்லது மின்கலத்தில் இயங்கும் வேறு கருவி
2. மூளைச் சத்திரசிகிச்சை, தலையில் கிளிப் அல்லது குழாய்
3. காதுக்குள் பொருத்திய கருவி
4. இதய வால்வு, ஸ்டென்ட்
5. தகடு, ஆணி, கம்பி, செயற்கை மூட்டு
6. ஷெல் துண்டு, சன்னம், முறிந்த ஊசி
7. எப்போதாவது கண்ணில் இரும்புத் துகள் பட்டது
8. லூப்
9. கர்ப்பம், தள்ளிப்போன மாதவிடாய்
10. சிறுநீரக நோய், மருந்து ஒவ்வாமை

ஒரு சிறு கடதாசியின் பெறுமதி

உடம்பில் ஏதேனும் பொருத்தும்போது அதன் பெயர், தயாரித்த நிறுவனம், இலக்கம் என்பன எழுதிய அட்டை ஒன்று தரப்படலாம். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். குறைந்தது, வைத்தியசாலையிலிருந்து வரும்போது தரும் நோய் நிர்ணய அட்டையில் என்ன போடப்பட்டது என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். சில அட்டைகளிலும் கருவிகளிலும் "எம்.ஆர்." என்ற எழுத்துகளோடு ஓர் அடையாளம் இருக்கும். பச்சைச் சதுரம் என்றால் பயமில்லை. மஞ்சள் முக்கோணம் என்றால் நிபந்தனைகளோடு எடுக்கலாம். சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு என்றால் ஸ்கான் அறைக்குள் போகக் கூடாது.

இடப்பெயர்வில் எத்தனையோ பேருடைய ஆஸ்பத்திரிக் கடதாசிகள் தொலைந்துவிட்டன. அப்படியானவர்கள் மனம் தளர வேண்டாம். ஓர் எக்ஸ்-ரே படம் பல கேள்விகளுக்குப் பதில் தரும். அடுத்த முறை கிளினிக் போகும்போது, "என் உடம்பில் இந்த இடத்தில் துண்டு இருக்கிறது, இதைக் கொப்பியில் எழுதிவிடுங்கள்" என்று வைத்தியரிடம் கேளுங்கள். எழுதிய பக்கத்தைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்காவது அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். மயக்க நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது உங்களுக்காகப் பேசப்போவது அந்த ஒருவர்தான்.

காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பெட்டியில் பூட்டிப் பாதுகாக்கிறோம். அந்தப் பெட்டியில் இந்தக் கடதாசிக்கும் ஓர் இடம் கொடுப்போம். இன்றைக்கே அம்மம்மாவிடமும் பெரியம்மாவிடமும் கேட்டு எழுதி வைப்போம்.